பொதுவில் வைத்த ஆய்வுத் தரவால் என்ன நடந்தது? அதை எப்படி அளப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணறு, கைபம்புத் தண்ணீரில் ஃபுளோரைடு அளந்து வருகிறேன். அளந்த எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைக்கிறோம். நீர், மண், மாமரம், நடுகல், பறவை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏதோ ஒன்றை அளந்துகொண்டோ பதிவு செய்துகொண்டோ இருக்கும் நண்பர்கள் கூடும்போதெல்லாம் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பதில்களில் சில பலரும் ஒப்புக்கொண்டவை. சில என் சொந்தக் கருத்து.

பொதுத் தரவுக் கட்டமைப்பு என்றால் என்ன? ஒரு சர்வர்தானே?

சர்வர் அதில் ஒரு பகுதி. ஏரி வெட்டிவிட்டால் மட்டும் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. மதகு வேண்டும், வாய்க்கால் வேண்டும், நேரம் பார்த்துத் திறந்துவிடும் ஆள் வேண்டும். தரவும் அப்படித்தான். கோப்பை வைக்க இடம், தேடிக் கண்டுபிடிக்கப் பட்டியல், மாறாத அடையாள எண், இந்த நெடுவரிசையில் இருப்பது என்ன என்று சொல்லும் குறிப்பு, இவற்றையெல்லாம் வருடக்கணக்கில் பராமரிக்கும் ஆட்கள் என்று எல்லாம் சேர்ந்ததுதான் கட்டமைப்பு.

உலக அளவில் பழைய எடுத்துக்காட்டு புரத அமைப்புகளைச் சேமிக்கும் 'புரோட்டீன் டேட்டா பேங்க்'. 1971-ல் வெறும் 7 அமைப்புகளோடு தொடங்கியது. உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் ஜிபிஃப் 2001-ல் வந்தது. எந்தத் துறைக் கோப்பையும் இலவசமாக வாங்கி வைக்கும் ஜெனோடோவை ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துகிறது. நம் நாட்டில் உயிரியல் தரவுக்கென்று 2022-ல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. ஆய்வேடுகளைத் தேட நாம் எல்லோரும் போகும் சோத்கங்காவும் இந்த வகைதான்.

நல்ல காரியம் என்று தெரிந்த பிறகு அதை ஏன் அளக்க வேண்டும்?

பணம் திட்டத்துக்கு வருகிறது, பராமரிப்புக்கு வருவதில்லை. மூன்று ஆண்டு ஆய்வுத் திட்டம் முடிந்தால் கருவி நிற்கும், ஆள் போய்விடுவார். களஞ்சியத்துக்கோ ஒவ்வொரு வருடமும் செலவு உண்டு. "இதனால் என்ன நடந்தது?" என்று கேட்பவரிடம் காட்ட ஒன்றும் இல்லையென்றால் முதலில் வெட்டு விழுவது இதற்குத்தான். எதை மேம்படுத்துவது என்பதும் அளந்தால்தான் தெரியும். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியதாகப் படுகிறது.

எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண் போதாதா?

போதாது. ஆனால் ஒதுக்கவும் வேண்டாம்.

அந்த எண் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் பக்கத்துக்குப் பக்கம் தட்டிக்கொண்டே போகும். அதையெல்லாம் சேர்த்து எண்ணினால் கூட்டம் அலைமோதுகிற மாதிரி தெரியும். மறுபக்கம், ஓர் ஆசிரியர் ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் போட்டு, வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடுவார். அறுபது பேர் பயன்படுத்தியிருப்பார்கள், கணக்கில் ஒன்றுதான் ஏறும்.

எண்ணும் முறையையாவது ஒழுங்குபடுத்தலாம் என்று 2018-ல் 'கவுண்டர்' அமைப்பும் 'மேக் டேட்டா கவுண்ட்' குழுவும் ஆய்வுத் தரவுக்கான எண்ணிக்கை விதிகளை வெளியிட்டன. நிரல்களின் தட்டலை நீக்கிவிட வேண்டும், ஒரே ஆள் அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது போன்ற விதிகள் அவை. உங்கள் களஞ்சியம் இந்த விதிகளைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். பின்பற்றாத இரண்டு தளங்களின் எண்களை ஒப்பிடுவது, ஒருவர் படியில் அளந்ததையும் இன்னொருவர் மரக்காலில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது மாதிரி.

மேற்கோள்களை எண்ணலாமே?

எண்ணலாம், எண்ணத்தான் வேண்டும். தரவுத் தொகுப்புக்கு டி.ஓ.ஐ என்ற மாறாத அடையாள எண்ணைக் கொடுக்கும் டேட்டாசைட் 2009-ல் தொடங்கப்பட்டது. ஜெனோடோவில் கோப்பை ஏற்றினாலே அந்த எண் கிடைத்துவிடும். கட்டுரை எழுதுபவர் அந்த எண்ணைத் துணைநூற்பட்டியலில் சேர்த்தால் தேடி எடுத்துவிடலாம்.

சிக்கல் அங்கேதான். பெரும்பாலானவர்கள் சேர்ப்பதில்லை. முறைகள் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் பெயரைப் போடுவார்கள். கணினி அதைக் கண்டுபிடிக்காது. அதனால் தரவு மேற்கோள் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவுதான். நாங்கள் செய்வது இதுதான்: தொகுப்பின் முதல் பக்கத்திலேயே "இப்படி மேற்கோள் காட்டுங்கள்" என்று ஒரு வரியை முழுதாக எழுதி வைத்துவிடுகிறோம். வெட்டி ஒட்டிக்கொள்ள வசதியாக இருந்தால் மனிதர்கள் ஒட்டிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எதைத்தான் அளப்பது?

பயன்படுத்தியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தரவு இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?" இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இது.

சில ஆண்டுகளுக்கு முன் பல் மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். பென்னாகரம் பக்கத்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிநீரில் ஃபுளோரைடு அதிகமானால் பல்லில் வரும் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை, குழி என்று ஒவ்வொரு வாயையும் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது தண்ணீரின் கணக்கு. அதுவும் இன்றைய தண்ணீர் இல்லை. நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை. அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் பல்லில் எழுதியிருக்கும். இன்று பதினைந்து வயதுப் பிள்ளையின் பல்லைப் புரிந்துகொள்ளப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கைபம்பின் அளவு வேண்டும்.

இடையில் இங்கே தண்ணீரே மாறிவிட்டது. நம் பக்கத்துக் கருங்கல் பாறைகளிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடுதான் இந்தப் பல் கறைக்குக் காரணம் என்று தெரிந்து, காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய கைபம்புகளில் சில பிறகு மூடப்பட்டன, சில வற்றிப்போயின. இன்று போய் அளக்க அங்கே தண்ணீர் இல்லை.

எங்களிடம் பழைய களக் குறிப்பேடு ஒன்று இருந்தது. அட்டையில் சோதனைக்குப் பயன்படுத்தும் சிவப்புச் சாயம் சிந்திய கறை, உள்ளே பென்சிலில் மாணவர்களின் கையெழுத்து: "கைபம்பு, மாரியம்மன் கோயில் எதிரில், காலை" என்று எழுதி அதன் பக்கத்தில் அளவு. நல்லவேளையாக அதைத் தட்டச்சு செய்து ஏற்றியிருந்தோம். அந்த மாணவி தற்செயலாகத் தேடி எடுத்திருக்கிறார். "இது இல்லாவிட்டால்?" என்று கேட்டேன். "பெற்றோரிடம் கேட்டிருப்பேன் சார், அவர்கள் நினைவில் இருப்பதை எழுதியிருப்பேன்" என்றார்.

அந்த ஒரு பதிலில் எங்கள் தொகுப்பின் பயன் எனக்குப் புரிந்தது. பதிவிறக்கக் கணக்கில் அது ஒன்று என்றுதான் ஏறியிருக்கும்.

பண மதிப்பாகச் சொல்ல முடியுமா? அதிகாரிகள் ரூபாயில்தான் கேட்கிறார்கள்.

முடியும், சில வழிகள் இருக்கின்றன. "இதற்குக் கட்டணம் வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று பயனாளர்களிடம் கேட்பது ஒரு வழி. அவர்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்று கேட்டு அதைச் சம்பளக் கணக்கில் போடுவது இன்னொன்று. இங்கிலாந்திலுள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தைப் பற்றி 2016-ல் வந்த ஆய்வு இப்படிக் கணக்கிட்டு, பயனாளர்களுக்குக் கிடைக்கும் பலன் ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி பவுண்டு என்றும், அது நிறுவனத்தின் நேரடி இயக்கச் செலவைப்போல் 20 மடங்குக்கு மேல் என்றும் சொன்னது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-ல் எல்லோருக்கும் இலவசமாயின. 2017-ல் மட்டும் அவற்றால் கிடைத்த பலன் 345 கோடி டாலர் என்று அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையின் மதிப்பீடு சொல்கிறது.

இந்த எண்களை ஓர் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு கொடுப்பீர்கள்" என்ற கேள்விக்கு வரும் பதில், கையில் பணம் இருப்பவரின் பதில். சம்பளக் கணக்கில் போட்டாலும் அப்படித்தான். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானியின் ஒரு மணி நேரமும் அரூர் மாணவியின் ஒரு மணி நேரமும் அந்தக் கணக்கில் சமமில்லை.

நம் அளவுக்கு நான் சிபாரிசு செய்வது மறுசெலவுக் கணக்கு. இதே தரவை ஒருவர் மறுபடி சேகரிக்க வேண்டுமென்றால் என்ன ஆகும்? பேருந்துக் கட்டணம், மாதிரிப் பாட்டில், வேதிப்பொருள், ஆள் நாள் எல்லாவற்றையும் உங்கள் பில்களைப் பார்த்தே போட்டுவிடலாம். பிறகு பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, இதில் எவற்றை எவ்வளவு செலவழித்தாலும் மறுபடி எடுக்க முடியாது என்று குறியுங்கள். வற்றிய கிணறு, ஏரி தூர்ந்த இடத்துப் பறவைக் கணக்கு, சாலை அகலப்படுத்தியபோது இடம் மாறிய நடுகல் ஆகியவை அந்த நெடுவரிசையில் வரும். அதிகாரியிடம் காட்ட ரூபாய்க் கணக்கைவிட அந்த நெடுவரிசைதான் வலுவானது என்பது என் அனுபவம்.

ஒரு நல்ல முடிவு வந்தால் அதில் எங்கள் தரவின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

துல்லியமாகப் பிரிக்க முடியாது. பிரிக்க முயன்று பொழுதைப் போக்கவும் வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாதிரி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதை அளந்த ஆய்வகம் இருக்கிறது. ஆனால் இரும்போடு கிடைக்கும் கரித்துண்டை வைத்துச் செய்யும் கரிமக் காலக்கணிப்பில் ஆய்வகம் அளப்பது அதில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தின் விகிதத்தைத்தான். அதைக் காலண்டர் ஆண்டாக மாற்ற, எந்த விகிதத்துக்கு எந்த ஆண்டு என்று காட்டும் ஓர் அளவுத்திருத்த வளைவு வேண்டும். எங்கெங்கோ உள்ள ஆய்வகங்கள் மர வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்து, எண்களைப் பொதுவில் வைத்து, சேர்ந்து உருவாக்கிய வளைவு அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். வட அரைக்கோளத்துக்கான இன்ட்கால் வளைவு 2004, 2009, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் புதிதாக வந்தது. இப்படி ஒரு வளைவு இல்லாமல் எந்த ஊர்க் கரித்துண்டுக்கும் கி.மு. ஆண்டு சொல்ல முடியாது. அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ சதுப்பு நிலத்தில் புதைந்த ஓக் மரத்தை அறுத்து வளையம் எண்ணியவருக்கு, தன் வேலை பர்கூர் பக்கத்து மக்களின் வரலாற்றுப் பெருமைக்கு வந்து சேரும் என்று தெரிந்திருக்க வழியில்லை. அவருக்கு நூற்றுக்கு எத்தனை சதவீதம் என்று யார் போடுவது?

அதனால் "நாங்கள்தான் காரணம்" என்று எழுதாமல், "இந்த முடிவுக்கான பாதையில் எங்கள் தரவு இந்த இடத்தில் நுழைந்தது" என்று எழுதுங்கள். அந்த இடத்தைச் சரியாகக் காட்டினால் போதும்.

காலமும் ஒரு சிக்கல். புரோட்டீன் டேட்டா பேங்கில் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த அமைப்புகளைப் படித்துத்தான் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு புரதங்களின் வடிவத்தைக் கணிக்கக் கற்றது. அதற்காக அதை உருவாக்கியவர்களுக்கு 2024 வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1976-ல் ஒரு குழு வந்து ஐந்து ஆண்டுச் சாதனையைக் காட்டு என்று கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்பார்கள்?

எங்கள் தரவை யாருமே எடுக்கவில்லை. பயனில்லை என்று அர்த்தமா?

கண்ணில் படவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: ஊர்ப்பெயர்.

எங்கள் முதல் எக்செல் கோப்பில் ஒரே ஊர் "மாரண்டஹள்ளி" என்று ஓரிடத்திலும் "மாரண்டஅள்ளி" என்று இன்னோரிடத்திலும் இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய மாணவர் மூன்றாவதாக ஒன்றை எழுதியிருந்தார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இடம் இது. பாதி ஊர்களுக்கு அள்ளி, ஹள்ளி, பள்ளி என்று வால் மாறும். ஒரே பெயரில் இரண்டு ஊர்களும் உண்டு. ஓர் எழுத்துக்கூட்டலில் தேடுபவருக்கு மற்றது கிடைக்காது. கோப்பு இல்லவே இல்லை என்று நினைத்துப் போய்விடுவார். தேதியும் அப்படித்தான். 06/07 என்றிருந்தால் அது ஜூலை ஆறா, ஜூன் ஏழா? மழைக்கு முன்னா பின்னா என்பதை வைத்துத்தான் நிலத்தடி நீரையே படிக்கிறோம், இது தெரியாவிட்டால் அந்த வரிசையே வீண்.

திருத்தியது இப்படித்தான். ஒவ்வோர் ஊருக்கும் மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் இருக்கும் எண்ணைச் சேர்த்தோம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. தேதியில் ஆண்டை முதலில் எழுதினோம். அட்சரேகை தீர்க்கரேகை சேர்த்தோம். இரண்டு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது. அதன் பிறகுதான் வெளியூர்களிலிருந்து கேட்டு மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. தரவின் தாக்கத்தை உயர்த்த வழி கேட்டால் முதலில் ஊர்ப்பெயர்களைச் சரிபாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பகிர்வதால் தீங்கும் வருமா? அதையும் அளக்க வேண்டுமா?

வரும், அளக்க வேண்டும். தாக்கம் என்றால் நல்லதை மட்டும் எழுதுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பெரியவர் தன் தோட்டத்துக் கிணற்றில் மாதிரி எடுக்க விடவில்லை. "தண்ணி கெட்டதுன்னு நீங்க எழுதிப்புட்டா என் நெலத்த யாரு சாமி வாங்குவா?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அன்றிலிருந்து தனியார் கிணறுகளின் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவதில்லை, ஊராட்சி அளவில் மட்டும் சொல்கிறோம். பொதுக் கைபம்பு என்றால் முழு விவரம் உண்டு. குழந்தைகளின் பல், எலும்பு பற்றிய தரவென்றால் இன்னும் கவனம் வேண்டும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் வயதும் வகுப்பும் சொன்னாலே பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்மை நம்பி வீட்டுக்குள் விட்டவர்கள் அவர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, தரவு கொடுத்த ஊர்களுக்கே போய், "இதனால் உங்களுக்கு ஏதாவது நடந்ததா?" என்று கேளுங்கள். நல்லதும் கெட்டதும் வரும். இரண்டையும் எழுதுங்கள்.

மதிப்பீட்டுக் குழு வரும்போது எண்தானே கேட்கிறார்கள்?

எண்ணைக் கொடுங்கள், கூடவே ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதிக் கொடுங்கள். எண்ணுக்காகவே வேலை செய்ய ஆரம்பித்தால் ஒரே தொகுப்பைப் பத்துத் துண்டாக்கி ஏற்றும் பழக்கம் வந்துவிடும். பத்து டி.ஓ.ஐ கிடைக்கும், தேடுபவருக்குத் தலைவலி மிஞ்சும்.

கட்டமைப்பு நின்றுபோனால் என்ன ஆகும்?

அப்போதுதான் பலருக்கு அதன் அருமை தெரிகிறது. 90 நாடுகளுக்கு மேல் குடும்பநல ஆய்வுகளுக்கு உதவி, கோப்புகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவந்த டி.எச்.எஸ் திட்டம், அமெரிக்க உதவி நிறுத்தத்தால் 2025 பிப்ரவரியில் முடங்கியது. நம் தேசியக் குடும்பநல ஆய்வின் கோப்புகளையும் உலகெங்கும் பலர் அந்தத் தளத்தில்தான் வாங்கிவந்தார்கள். தருமபுரியில் ரத்தசோகை எவ்வளவு, எடை குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று மாவட்ட அளவில் பேச நமக்கிருக்கும் முக்கிய ஆதாரங்களில் அந்த ஆய்வு ஒன்று. தளம் முடங்கியதும் புதிதாகக் கேட்டவர்கள் காத்துக்கிடந்தார்கள்.

உங்கள் களஞ்சியம் ஆறு மாதம் மூடிக்கிடந்தால் யாருடைய வேலை நிற்கும்? அந்தப் பட்டியலை இப்போதே எழுதிப் பாருங்கள். மூன்று பெயர் வந்தாலும் சரி. கூடவே ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள்.

நாங்கள் சின்னக் கல்லூரி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டிலிருந்து. எங்கள் துறையில் மேசை மேல் ஒரு நீள நோட்டு இருக்கிறது. யாராவது தரவு கேட்டால், பயன்படுத்தியதாகச் சொன்னால், அதில் தவறு கண்டுபிடித்தால் அன்றே எழுதிவிடுகிறோம். தேதி, யார், எதற்கு, இது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பார், பிறகு என்ன ஆனது. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, ஒரு வருடம் கழித்து போன் பண்ணிக் கேட்டு நிரப்புகிறோம். தவறு கண்டுபிடித்தவரை மறக்காமல் எழுதுங்கள், அவர்தான் உண்மையிலேயே படித்துப் பார்த்தவர்.

இரண்டு வருடம் ஓடினால் அறிக்கைக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கும்.

தரவுக் குறிப்பைத் தமிழில் எழுதலாமா? யார் படிப்பார்கள்?

எழுதுங்கள். ஆங்கிலத்திலும் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். எங்கள் தொகுப்பில் தமிழ்க் குறிப்பு சேர்த்த பிறகு ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தன் ஊர்ப் பம்பின் வரிசையைப் படித்துக் காட்டி, "இதுல 2.1-ன்னு போட்டிருக்கே சார், இந்தப் பம்புல இன்னும் தண்ணி பிடிக்கிறாங்க" என்றார். அடுத்த வாரம் மாணவர்களோடு போய் மறுபடி அளந்தோம். அதிகமாகத்தான் இருந்தது. குடிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ மட்டும் என்று அவரே சிவப்பு பெயின்ட்டில் பம்பின் மேல் எழுதிவிட்டார். நோட்டில் அன்றைய தேதியில் அது இருக்கிறது.